நடுக் கைப்பிடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்குவது மரியாதை. இங்கே எல்லோரும் என்றால் நானும் அப்பாவும்தான். ஒருவர் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் படுத்திருக்கிறார். மற்றவர் அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே பாதி நலம் என்று வைத்துக்கொள்.

போனில் சொன்னதுதான் விஷயம். இருந்தாலும் போனில் நீ "எப்படி இருக்காரு?" என்பாய், நான் "பரவாயில்ல" என்பேன், பிறகு இருவரும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்பா தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது விழுந்தார். பட்டறை ஆபீசில் அவர் சொல்லச் சொல்ல நூலாசிரியர் எழுதிக்கொண்டிருந்தார். "அன்னைக்கே நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்" என்று சொன்னவர் அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தார். என்ன முடிவு என்று இதுவரை யாருக்கும் தெரியாது. நூலாசிரியர் அந்த இடத்தில் புள்ளிகள் வைத்திருக்கிறார். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு குழறுகிறது. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு என்கிறார்கள்.

நூலாசிரியர் யார் என்று உனக்குத் தெரியாதல்லவா? அப்பா தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட அமர்த்தியிருப்பவர். நல்ல மனிதர். இதற்குமுன் ஒரு பல் டாக்டருக்கும் ஒரு பம்ப்செட் வியாபாரிக்கும் வரலாறு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டையும் படித்தேன். இருவருமே சிறு வயதில் வானத்தைப் பார்த்துப் பெரிய கனவு கண்டவர்கள். நம் அப்பாவும் அதே வயதில், அதே வானத்தைப் பார்த்து, அதே வாக்கியத்தில் கனவு கண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குள் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனபோது ஒன்று நடந்தது. வாசலைத் தாண்டியதும் ஒரு நீண்ட கூடம். நோயாளிகளின் ஆட்கள் காத்திருக்கும் இடம். அங்கே வந்ததும் அதுவரை கண்ணை மூடியிருந்தவர் திறந்து, இடது கையைத் தூக்கி நீட்டி, "நம்ம... து" என்றார். இளம் டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நோயாளி உறவினரை அடையாளம் காண்கிறார் என்று சீட்டில் எழுதிவிட்டார். அப்பா காட்டியது என்னை அல்ல, எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சை. நான் டாக்டரைத் திருத்தவில்லை.

ஆமாம், அந்தக் கூடம் முழுக்க நம் பெஞ்ச்தான். பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் குழாய், மரச் சட்டம், முதுகில் பித்தளைத் தகடு, தகட்டில் கம்பெனி பெயரும் "அன்பளிப்பு" என்ற சொல்லும். நடுவில் அது. அதைப் பற்றி நூலாசிரியர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அமர்வோருக்குக் கண்ணியத்தையும் படுக்க நினைப்போருக்குத் தயக்கத்தையும் ஒருங்கே வழங்கும் நடுக் கைப்பிடி, அவர் இவ்வுலகுக்கு அளித்த கொடை." வீடில்லாதவர்கள் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் பெஞ்சில் படுத்துவிடுகிறார்கள் என்று நகராட்சி வருத்தப்பட்டபோது, அப்பா வரைந்து கொடுத்த கைப்பிடி. அதற்குப் பிறகுதான் நாம் வாடகை வீட்டிலிருந்து வெளியே வந்தோம்.

நீ கட்டடக் கலை படிக்கும்போது அவரிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. "மனுஷன் படுக்கக் கூடாதுன்னு உக்காந்து யோசிச்சு ஒரு சாமான் செய்யணுமாப்பா?" என்றாய். "உன் காலேஜ் பீஸும் அந்தக் கைப்பிடிதாம்மா" என்றார். இரண்டுமே நல்ல வாக்கியங்கள். அதனால்தானோ என்னவோ அதற்குமேல் இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை.

புத்தகத்தின் கடைசியில் "மகளின் வார்த்தை" என்று ஒரு பக்கம் விட்டிருக்கிறார். நீ ஏற்கெனவே முடியாது என்று சொன்னது தெரியும். நான் கேட்கவில்லை. இருக்கிறது என்று சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே குளிர் அதிகம் என்று படித்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அன்புடன்,
அம்மா

•

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. மருந்துகளைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறாய், சந்தோஷம். அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்குமோ என்று காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். போகட்டும்.

அவர் அப்படியேதான் இருக்கிறார். மாடியில் அவர் இருக்கும் வார்டுக்குள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவைதான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் கூடத்தில் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். மருந்து வாங்க வேண்டும், அல்லது கையெழுத்துப் போட வேண்டும். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய பரிசோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போகும். அதனால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. தரையில் படுக்கத் தடை. கிருமி இருக்கிறதாம். காவலாளி வந்து, "எந்திரிங்க, எந்திரிங்க, பெஞ்சு எதுக்குப் போட்டிருக்கு?" என்பார். பெஞ்சு எதற்குப் போட்டிருக்கிறது என்று அந்தக் கூடத்தில் முழுமையாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சித்தப்பா ஒரு நாள் எனக்குப் பதிலாக இருக்கிறேன் என்று வந்தார். மறுநாள் அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. "அண்ணன் வேலைன்னா கச்சிதம் அண்ணி, எப்படிப் புரண்டாலும் சரியா அந்த எலும்புலயே வந்து நிக்குது" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பக்கத்து பெஞ்சில் இருப்பவரை எல்லோரும் மூட்டையக்கா என்கிறார்கள். துணி வியாபாரம். கட்டிய மூட்டைகளோடு அப்படியே வந்துவிட்டார். வீட்டுக்காரருக்குக் குடலில் ஆபரேஷன். அவருக்கு எதிரே ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி மாடியில். கண்டக்டர் புத்திசாலி. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் இடைவெளியில் இரண்டு காலையும் நுழைத்து, மெல்ல மெல்ல இடுப்பு வரை உள்ளே போய், ஒரு நாள் மத்தியானம் மல்லாந்து தூங்கியே விட்டார். கூடமே அவரைப் பொறாமையோடு பார்த்தது. அப்போது ஒலிபெருக்கியில் அவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆளால் வெளியே வர முடியவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தோம். கடைசியில் ஒரு நர்ஸ் எண்ணெய் கொண்டுவந்து தடவ வேண்டியதாகிவிட்டது. "எத்தன பேர பஸ்ஸுல திணிச்சிருப்பேன், என்னைய எவனும் இப்படித் திணிச்சதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மூட்டையக்கா சிரித்து முடித்துவிட்டு, "இதச் செஞ்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா, இதுலயே குறுக்கால படுக்கவச்சு ரெண்டு பக்கமும் புடிச்சு அமுக்குவேன்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேணாம். அவனுக்குத் தூக்கமே வரக்கூடாது. வந்தா எவனாவது எழுப்பிவிட்டுக்கிட்டே இருக்கணும், அது போதும்" என்று தண்டனையைக் குறைத்தார். என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் என்னம்மா தொழில்?" என்று கேட்டார். இரும்பு வேலை என்றேன். பொய் இல்லை.

மாலையில் மேலே போனால் அப்பா முதலில் கேட்பது கூடத்தைத்தான். ஒவ்வொரு சொல்லாகக் கோத்து, "ஆளுங்க... உக்கார்றாங்களா?" என்கிறார். "ஒரு எடம் காலி இல்ல" என்கிறேன். முகத்தின் நன்றாக இருக்கும் பாதி சிரிக்கிறது. இப்படித்தான் அவருடைய நாள் முடிகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒரு மாத்திரை, நடுவில் என் பதில்.

பிறகு அவர் ஒரு ஆசையைச் சொன்னார். புத்தகத்தின் அட்டைக்கு அந்தக் கூடத்தைப் படம் எடுக்க வேண்டுமாம். ஜனங்கள் தன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் படம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நூலாசிரியர் கேமராவோடு வந்தார். பெஞ்ச் சரியாகத் தெரியவில்லை என்று உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார். வெறும் பெஞ்சாக இருக்கிறது என்று திரும்ப உட்காரச் சொன்னார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். கண்டக்டர் சிரித்தார், பாவம், அன்றைக்குத்தான் அவர் மனைவிக்கு மறுபடி ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு நூலாசிரியர் மூட்டையக்காவிடம் போய், இந்த பெஞ்ச் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள், புத்தகத்தில் வரும் என்றார். அவர் இரண்டோடு நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிற்பாடு எடுத்துக் காட்டினார். "வாழ்நாளில் மறக்க முடியாத பெஞ்ச் - பொதுமக்களில் ஒருவர்" என்று சுருக்கியிருந்தார்.

கிளம்பும்போது கூடம் முழுக்கக் கேட்கும்படி, "முதலாளியம்மா, ஐயாகிட்ட சொல்லிடுங்க, அவரோட பெஞ்செல்லாம் படத்துல ரொம்ப அழகா வந்திருக்கு!" என்றார்.

சத்தமில்லாத டிவி ஒன்று அங்கே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து மூட்டையக்கா என் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "அவரா மேல படுத்திருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவருக்காச்சும் படுக்க எடம் கெடைச்சுதே" என்றார். சொல்லிவிட்டு, சுவரில் சாய வசதியாக இருக்கும் மூலை இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

அந்த மூலையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

•

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி ஏதாவது இருக்க வேண்டும் என்று காலையிலிருந்து தேடினேன். கண்டக்டரின் மனைவி கண் விழித்துவிட்டார். அது நல்ல செய்திதான். நம் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை என்றாலும் எடுத்துக்கொள்.

நான் யார் என்று தெரிந்த மறுநாளே கூடத்தில் எனக்குப் பதவி வந்துவிட்டது. கண்டக்டர்தான் தலைமை தாங்கி வந்தார். "நீங்க சொன்னா கேப்பாங்கம்மா. மத்தது எதையும் தொட வேணாம். அந்தக் கைப்பிடிய மட்டும் கழட்டிடச் சொல்லுங்க" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களின் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை. வாழ்நாள் முழுக்க என் பேச்சு எங்கேயும் எடுபடாது என்று பழகியவளுக்கு அது கொஞ்சம் தலைக்கு ஏறியது என்றே சொல்ல வேண்டும். எழுந்து போய் நிர்வாக அதிகாரியைப் பார்த்தேன்.

அதிகாரி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அதில் இரண்டு கைப்பிடிதான், இரண்டும் ஓரத்தில். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பைலை எடுத்தார். பெஞ்சுகளை அன்பளிப்பாகக் கொடுத்தபோது அப்பா ஒரு பத்திரமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடையாளர் உயிரோடு இருக்கும்வரை அவரது எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வடிவமைப்பில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. பெயர் நிற்கிறவரை வேலையும் அப்படியே நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஓவியர்களெல்லாம் இப்படி எழுதி வாங்குவார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து வக்கீலிடம் சொல்லி எழுதியது. எனக்கு நினைவிருக்கிறது, அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

சம்மதக் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்றார் அதிகாரி. வலது கை அசையவில்லையே என்றேன். இடது கைப் பெருவிரல் ரேகை போதும், ஆனால் நோயாளி தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும் என்றார். டாக்டரிடம் போனேன். அதே இளம் டாக்டர். உறவினரை அடையாளம் காண்கிறார் என்று எழுதித் தருகிறேன், அதற்குமேல் எழுத முடியாது என்றார்.

திரும்பவும் அதிகாரியிடம் போய் வேறு வழி இல்லையா என்றேன். அவர் பைலைப் புரட்டிக்கொண்டே, "இருக்கும்மா, ஐயாவுக்கு அப்புறம்னா வாரிசு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. உடனே டீ சொன்னார். குடித்தேன். நன்றாகவே இருந்தது.

ஆக, மகளே, சட்டப்படி நான் கொஞ்சம் நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் உன் அப்பா போய்ச் சேர வேண்டும். இதைவிடச் சுத்தமாக ஒரு மனைவியை யாரும் கட்டிப்போட்டதில்லை. அவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

சித்தப்பாவிடம் கேட்டேன், பட்டறை இப்போது அவர் பொறுப்பில்தானே. கைகூப்பிவிட்டார். "அண்ணன் கண்ணு முழிச்சுப் பாத்துக்கிட்டிருக்கும்போது அதுல நான் கை வைக்கவா? என்னால ஆகாது அண்ணி. என்னைய மன்னிச்சிருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வைத்தாலும் முடியாது என்றார். அந்தக் காலத்து பெஞ்சில் அப்பா தானே அச்சு செய்து போட்ட ஐந்து மூலை போல்ட் இருக்கிறது. சாதாரண ஸ்பேனர் பிடிக்காது. யாரும் கைப்பிடியைக் களவாடிவிடக் கூடாது என்று செய்தது. யாராவது களவாடினால் கோயில் கட்டிக் கும்பிட இந்தக் கூடத்தில் ஆள் இருக்கிறது என்று அப்போது தெரியவில்லை. அதைத் திருப்பும் சாவி மூன்று செய்தார். பட்டறையின் சாவி பட்டறை இடம் மாறியபோது தொலைந்தது. நகராட்சிச் சாவி நகராட்சியில் இருக்கிறது, அதற்கும் தொலைந்தது என்றுதான் பொருள். மூன்றாவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டக்டர் விடவில்லை. குறடு, ஸ்க்ரூ டிரைவர், மூட்டையக்காவின் கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். காவலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நூலிழைகூட அசையவில்லை. கத்தரிக்கோல்தான் உடைந்தது. "வேலன்னா இதுதாம்மா வேலை" என்றார் கண்டக்டர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்பாவிடமே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். கீழே ஜனங்களுக்குப் படுக்க முடியவில்லையாம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்தார். "படுத்தா... தூங்கிடுவாங்களே" என்றார். கவலையோடுதான் சொன்னார். அவர் நகராட்சியோடு பேசிக்கொண்டிருந்தாரா, என்னோடு பேசிக்கொண்டிருந்தாரா, தெரியவில்லை.

இப்போது அவரை உட்காரவைக்கப் பழக்குகிறார்கள். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்துகிறாள். விட்டதும் வலப்பக்கம் சாய்ந்துவிடுகிறார். ஊரையே உட்காரவைத்தவர் என்று புத்தகத்தில் ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பு. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் விழாமலிருக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள். இடது கையால் அதன் பற்றவைப்பைத் தடவித் தடவிப் பார்க்கிறார். திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிகிறது.

இரண்டு நாளாக வேறொன்றைக் கேட்கிறார். "அவ... தூங்கிட்டாளா?" என்கிறார். நர்ஸைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. நீ பள்ளிக்கூடம் விட்டுப் பட்டறைக்கு வந்து மத்தியானத்தில் தகரத்தின் மேல் சுருண்டு தூங்குவாய் அல்லவா, அதற்காக மிச்சக் குழாயை வைத்து நீளமாக ஒன்று செய்தாரே, அதுதான் அவர் செய்த முதல் பெஞ்ச். அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தார். புத்தகத்தில் அது இல்லை. ஏன் இல்லை என்று நூலாசிரியரிடம் கேட்டேன். "அதுல கைப்பிடி இல்லையேம்மா, வாசகர் குழம்பிடுவாங்க" என்றார்.

தூங்கிவிட்டாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா

•

அன்பு மகளுக்கு,

உடனே பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தபடி கண் அசந்து, பக்கவாட்டில் சரிந்து, கன்னம் கைப்பிடியில் பட்டுவிட்டது. நீலம் பாரித்திருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் செலவு மிச்சம். மூட்டையக்கா தன் மூட்டைகளை எல்லாம் பிரித்துக் கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் அடுக்கி மேடாக்கி, என்னை அதன்மேல் சாய்த்து, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விற்க வேண்டிய புதுத்துணி. வேண்டாம் என்றேன். "சும்மா படுங்க, உங்க வீட்டுக்காரர் மேல எனக்குக் கோவம்தான். அதுக்காக உங்களத் தரையிலயா விடுவேன்?" என்றார். கால் மட்டும் கைப்பிடிக்கு மேலே ஆகாயத்தில் நின்றது. இருந்தாலும் தூங்கினேன்.

புத்தகம் வந்துவிட்டது. நூலாசிரியர் முதல் பிரதியைக் கொண்டுவந்து அப்பாவின் நெஞ்சின் மேல் வைத்தார். கனமான அட்டை, அதனால் மூச்சு வாங்கியது, கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தோம். அட்டையில் கூடத்தின் படம். கண்டக்டர் சிரிக்கிறார். ஓரத்தில் நானும் பாதி இருக்கிறேன். உன் பக்கத்தை என்ன செய்வது என்று அச்சகத்தில் கேட்டார்களாம். யாரும் தெளிவாகச் சொல்லாததால் "மகளின் வார்த்தை" என்ற தலைப்பை மட்டும் அச்சிட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டுவிட்டார்கள்.

அப்பா நேரே அந்தப் பக்கத்துக்குத்தான் போனார். இடது கையால் ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளிப் போய்ச் சேர வெகு நேரம் ஆனது. உதவ வேண்டாம் என்று தலையசைத்தார். தலைப்பைத் தடவினார். அவருக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை, பக்கமெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். புத்தகத்தை என்னிடம் தள்ளி, "படி" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்காதே. நீளமாக இல்லை. உன் சாயல் வர வேண்டும் என்று நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் கோபமும் வைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, "இன்னொரு... தரம்" என்றார். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் அதே வெற்றுப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். ஒரு சொல் மாறினால் கண்டுபிடித்துவிடுகிறார். நேற்று ஒரு வரியை விட்டுவிட்டேன், விரலால் காகிதத்தைத் தட்டினார். பக்கத்துக் கட்டில்காரரின் மகன், உங்கள் பெண் நன்றாக எழுதியிருக்கிறாள் என்றான். ஊரில் வேறு யாருக்கும் இவ்வளவு கவனமான வாசகர் கிடைத்திருக்க மாட்டார். புத்தகத்தில் மற்ற எந்தப் பக்கத்தையும் அவர் படிக்கச் சொல்லவில்லை. எத்தனையோ மாதம் உட்கார்ந்து சொன்ன வாழ்க்கை முழுக்க அங்கே இருக்கிறது. ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

நேற்று மாலை என் கன்னத்தைப் பார்த்தார். என்ன என்பதுபோல் புருவம் தூக்கினார். மறைக்கத்தான் நினைத்தேன், ஆனால் பொய்க்கான அன்றைய கோட்டா முடிந்துவிட்டிருந்தது. தூங்கிவிட்டேன், கைப்பிடியில் விழுந்தேன் என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, எதையோ பிடித்திருப்பதுபோல் விரல்களைக் குவித்து, காற்றில் திருப்பினார். மெல்ல, விடாமல், திரும்பத் திரும்ப. நர்ஸ் பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்கிறார் என்று பாட்டில் மூடியைத் திறந்து வாயில் ஊற்றினாள். விழுங்கினார். கை நிற்கவில்லை. இடப்பக்கமாகத்தான் திருப்பினார், போல்ட்டைக் கழற்றுகிற பக்கம். பாட்டில் மூடியும் அதே பக்கம்தான் திறக்கும் என்று எனக்கும் தெரியும். நான் எதையும் முடிவு செய்யவில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

இளம் டாக்டர் இன்று காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியூரில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். தூரமா என்றார். தூரம்தான் என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படித்தவர்கள் இருவர் பேசிக்கொள்ளும் முறையில் பேசி முடித்துவிட்டோம்.

நீ கிளம்பிய அன்றைக்கு விமான நிலையத்தில் அவர் உன் உள்ளங்கையில் அந்த மூன்றாவது சாவியை வைத்து, "வச்சுக்கோ" என்றார். உனக்கு முகம் சிவந்துவிட்டது. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தாய். அவரிடம் கொடுக்க அப்போது வேறு எதுவும் இல்லை, அதுதான் விஷயம். தூக்கிப் போட்டிருப்பாய் என்று நான் நம்பவில்லை. நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் அல்ல, கோபத்தைக்கூட.

புறப்படும்போது எனக்கு எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. ஸ்வெட்டர், சாக்லெட் ஒன்றும் வேண்டாம். அந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு இப்போது மனப்பாடம். சாவியை மட்டும் எடுத்துக்கொள். கைப்பையில் வைக்காதே, இரும்பு என்று பிடுங்கிக்கொள்வார்கள். பெட்டியில் துணிக்கு நடுவில் வை. நேரே மாடிக்கு வா. முதலில் அவர் கையில் கொடு. கூடத்தில் எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறோம், கண்டக்டர் காவலாளியிடம் பேசிவைத்திருக்கிறார். ஆனால் அதெல்லாம் அப்புறம்.

நீ எங்கே இருந்தாலும் உனக்கு நல்ல தூக்கம் வரட்டும்.

அம்மா